வடக்கு ஜன்னலடியில் குவித்த தகரம்

குட்லண்ட்ஸ்,
பிப்ரவரி 1960

சௌபாக்கியவதி நாகரத்தினத்துக்கு ஆசீர்வாதம். உன் முட்டிவலி தேவலையா? மாமா வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுகிறாரா? நான் சௌக்கியம், அதை முதலில் நம்பு.

இந்தத் தீவில் காலையிலிருந்து புயல். முதலாளி எனக்குக் கொடுத்த பலகை வீட்டில், தெற்கிலிருந்து அடித்த காற்று சமையல்கட்டுக் கூரையைப் பிய்த்துவிட்டது. மத்தியானம் திடீரென்று காற்று நின்று வெயில் வந்தது. புயல் ஓய்ந்தது என்று நினைத்து, கிழிந்த தகரம், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்கி, காற்றுப் படாத வடக்கு ஜன்னலடியில் குவித்தேன். குப்பையை ஏற்றிப்போக வண்டிக்கார ஐயாசாமியைக் கூப்பிடப் போனேன். இந்த ஊரிலேயே பிறந்தவர். மாட்டை வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்தார்.

“சிக்லோன் போகலே, தம்பி. இது அதோட கண்ணு. காத்து திரும்பி வரும், வடக்கால வரும். குப்பை எங்க வச்சே?”

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஓடு! முடிஞ்சத உள்ள இழு.”

பாதியைக் கட்டிலுக்கடியில் திணித்துவிட்டேன். பெரிய தகரங்கள் வாசலில் நுழையவில்லை. அவற்றின்மேல் அம்மியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

நீ பயப்படாதே. அடுத்த கப்பலில் கொஞ்சம் சுக்கு அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் அனுப்பு, போர்த்திக்கொள்ள. இந்தக் கடிதத்தைப் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடுகிறேன். என்ன ஆனாலும் நனையாது.

தகரம் முனகத் தொடங்கிவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பாயே, இது மாசிதான். பறக்காது.

உன்,
கோதண்டபாணி