சரசு தலையைக் குனியலை

1982 ஆவணி, வெள்ளிக்கிழமை.

தூக்கம் வரலை. சந்தோசத்துலதான்.

இன்னைக்கு என் தங்கச்சி சரசுவுக்குப் பூ வைக்க ஒத்தக்கடையிலருந்து வந்தாங்க. மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரம். சரசுவுக்கு வயசு இருபத்தாறு, புத்தி மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி. அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு எம்புட்டோ சொன்னேன். "அதுக்கு என்னடி தெரியும்?"ன்னு பெரியப்பா என் வாயை அடைச்சுட்டாரு.

காலையில தலை பின்னிவிடும்போது சரசுகிட்ட சொன்னேன். "பூ வைக்க வருவாங்க. அந்த வீட்டுக்குப் போகப் பிடிச்சாத் தலையைக் குனி. பிடிக்கலைன்னா குனியாத." அவளுக்கு விளங்குச்சோ இல்லையோன்னு இன்னொரு தடவையும் சொன்னேன்.

மாப்பிள்ளையோட அக்கா மல்லிகைச் சரத்தோட முன்னாடி வந்து நின்னாங்க. சரசு குனியலை. அம்மா அவ பிடரியில கை வச்சு அமுக்குனா.

"கையை எடும்மா!" கத்தியே புட்டேன்.

சரசு நிமிர்ந்து அந்தம்மாவைப் பாத்துச் சொன்னா. "நான் வரமாட்டேன். எனக்கு இந்த வீடுதான் வேணும்."

"அது ஏதோ உளறுதும்மா, நீங்க வைங்க"ன்னாரு பெரியப்பா.

"உளறலைண்ணே. தெளிவாத்தான் சொல்லுது." அந்தம்மா பூவை இலையில சுத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

பெரியப்பா சாப்பிடாமலே போயிட்டாரு. அம்மா இன்னும் எங்கூடப் பேசலை. தனக்குப் பின்னாடி சரசுவைப் பாத்துக்க யாருங்கிற பயம் அவளுக்கு. நான் இருக்கேன்ல?

சாயங்காலம் நானே தெருமுக்குல மல்லி வாங்கியாந்தேன். "வைக்கட்டுமா?"ன்னு சரசுகிட்ட கேட்டேன்.

சிரிச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சா.