நீலம் போட்ட துண்டு

24.5.2007, வியாழன் இரவு

இன்று பேத்தி செல்விக்குப் பூ வைத்தார்கள். பிளாஷ் வெளிச்சத்தில் நிறம் சரியாக விழ, முதலில் அவள் முகத்தருகே சுத்த வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொன்னான் போட்டோக்காரத் தம்பி. கிணற்றுத் தகராறிலிருந்து நான் பேசாத ஓரகத்தி பாக்கியம் தன் துண்டை நீட்டினாள்.

"அந்த அழுக்கு எதுக்கு?" என்று தள்ளிவிட்டு என் துண்டைப் பிடித்தேன்.

பூ வைத்த படத்திலெல்லாம் பிள்ளை முகம் மஞ்சக்காமாலை கண்டதுபோல் இருந்தது.

"துண்டுக்கு நீலம் போட்டீகளா அப்பத்தா? கேமரா அந்த நீலத்தையே வெள்ளைன்னு நம்பி, மத்ததையெல்லாம் மஞ்சளாக்கிருச்சு" என்றான் தம்பி.

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். வைத்த பூவை எடுத்து மறுபடி வைக்கவா முடியும்?

பிறகு எடுத்த படங்களுக்குப் பாக்கியத்தின் துண்டை வைத்துத்தான் நிறத்தைச் சரிசெய்தான். அவள் ஒரு சொல் குத்திச் சொல்லியிருந்தால் சாகும்வரை பேசாமல் இருந்திருப்பேன்.

"வாக்கா, சாப்புடுவோம்" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். நான் நிமிரவே இல்லை.