தோள் கட்டி அழுத வீடு

ரேணிகுண்டா
9-6-57

அன்புள்ள யசோதாவுக்கு,

உன் கணவன் வேதாச்சலம் எழுதுவது. நான் நலம். உன் நலமும் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு என் வணக்கம்.

கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கிய காய்ச்சல் ரயிலேறி இங்கும் வந்துவிட்டது. நான் கம்பவுண்டராக இருக்கும் ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு இருவர். மூச்சிலும் இருமலிலும் ஒட்டுகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நெஞ்சில் சளி கட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறதாம். நேற்று ஒருத்திக்கு மருந்து கலக்கிக்கொண்டு போனேன். குடிக்க அவள் இல்லை.

யார் வீட்டுச் சாவுக்கும் போகாதே. நம் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்து அழுகிறார்களே, காய்ச்சல் ஒட்ட அது ஒன்றே போதும். என் மேல் ஆணை.

வேதாச்சலம்

விஜயபுரம்
20-6-57

அன்புள்ள மாமாவுக்கு, யசோதா வணக்கம்.

ஆணை வைக்க உங்களுக்கென்ன, பேச்சு வாங்குகிறவள் நான். உங்கள் அக்கா ருக்மணியின் வீட்டுக்காரர் நகரியில் திங்கட்கிழமை இதே காய்ச்சலில் போய்விட்டார். லீவு இல்லையென்று நீங்களும் வரவில்லை. நானும் போகவில்லை.

அத்தை என்னோடு பேசுவதில்லை. கிணற்றடியில் பக்கத்து வீட்டுத் துலுக்காணம் பெண்சாதி என் காதுபடவே சொல்கிறாள்: "நாத்தனா தாலி அறுத்துக்கினு குந்தினுகீறா, மவராசி ஊட்ல துன்னுகினு கீறா." அழுதுவிட்டேன் மாமா. நம் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று சண்டை போடுகிறார்களே தவிர, மருந்து கொண்டுவர ஒருவரும் இல்லை.

அக்காவுக்கு நீங்களாவது நாலு வரி எழுதுங்கள்.

யசோதா

ரேணிகுண்டா
26-6-57

அன்புள்ள யசோதாவுக்கு,

நீ போகாததே நல்லது. துலுக்காணம் பெண்சாதியின் வாயை நான் வந்து அடைக்கிறேன்.

அக்காவுக்கு எழுதிவிட்டேன்: 'யசோதாவைக் கோபிக்காதே, தடுத்தது நான்தான். கருமாதி முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இரு.' வந்தால் மனம் கோணாமல் பார்த்துக்கொள்.

வேதாச்சலம்

விஜயபுரம்
6-7-57

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா முந்தாநாள் வந்தார்கள், கருமாதிக் கூட்டத்தில் பிடித்த இருமலோடு. வாசலைத் தாண்டாமல் நின்றார்கள்.

"நீ வர்லன்னு எனக்கு ஒன்னும் இல்ல யசோதா. தம்பி எழுதிச்சு. புள்ளய நல்லபடியா பெத்தெடு" என்றார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை மாமா. ஓடிப்போய்த் தோளைக் கட்டிக்கொண்டேன். வெகுநேரம் இருவரும் விடவில்லை. சாவு வீட்டுக்குத்தானே போகாதே என்றீர்கள். இது நம் வீடு.

இன்று காலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. எழுத்து கோணுகிறது, மன்னியுங்கள். அக்காதான் கஞ்சி புகட்டுகிறார்கள். பிள்ளை நன்றாக உதைக்கிறது. நீங்கள் வந்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டாம்.

யசோதா

ரேணிகுண்டா
13-7-57

என் யசோதாவுக்கு,

கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று மருந்து வாங்க வந்த கோவர்த்தனன் நம் ஊர் வழியாகத்தான் வந்தானாம். "உங்க தெருவுல பொம்பளைங்க கட்டிக்கினு அழுதுக்கினு இருந்தாங்க சார்" என்றான். எந்த வீடு என்று சொல்ல வாயெடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டேன்.

அக்காவை வரச்சொல்லி எழுதியது இந்தப் பாவியின் கைதானே.

லீவு கேட்கவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவருகிறேன். யார் கூப்பிட்டாலும் வாசலுக்கு வராதே. நான் வந்து கூப்பிடுவேன். அப்போது மட்டும் எழுந்து வா, யசோதா.

உன்
வேதாச்சலம்