பற்றைக்கும் ஒரு முறைத் தண்ணீர்

என் அருமை மச்சான் கதிருக்கு,

நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே பிழை பிடித்திருப்பாய். "என்ன அத்தான், நலமோ எண்டு ஒரு வார்த்தை கேக்காமல் தொடங்குறியள்" என்று சிரித்திருப்பாய். போய்ச் சேர்ந்தவனிடம் நலம் கேட்கிற அளவுக்கு எனக்குப் பொய் வராது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் காணியின் தண்ணீரைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். நான் விடவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோப்பாயில் உனக்குத் தாய்வழி வந்த ஆறு பரப்புத் தோட்டம் பங்குக் கிணற்றுக் காணி. ஐந்து வீட்டுக்கு ஒரு கிணறு, ஆளுக்கு ஒரு முறை. எங்கள் முறை வியாழக்கிழமை காலை. அந்த நேரத்தில் கிணறு எங்களுடையது. மற்றவன் மோட்டரில் கைவைக்கக் கூடாது.

அந்த நல்ல செம்மண்ணைத்தான் நீ உழாமல், கொத்தாமல், மருந்து அடிக்காமல் விட்டாய். படிப்பித்த பள்ளிக்கூடத்தை விட்டு வந்து, உன்னைப் போலப் படம் கீறுகிற, மண்ணில் உருவம் பிடிக்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, "உது தன்ரை பாட்டுக்கு வளரட்டும்" என்றாய். மூன்று மாரி போனது. வெங்காயம் நின்ற இடத்தில் நாயுருவியும் எருக்கலையும். வேலியில் இருந்த கொவ்வைக்கொடி இறங்கி வந்து காணியை மூடியது. புலுனிக் குருவிக் கூட்டம் வந்தது, கீரி வந்தது, சாரைப்பாம்பும் வந்தது.

என் நிலைமையை யோசித்தாயா? நான் திருநெல்வேலியில் உரமும் களைக்கொல்லியும் விற்பவன். சைக்கிள் கரியரில் விதை வெங்காயம் கட்டி உடுப்பிட்டி வரைக்கும் மிதித்து ஆளானவன். ஓர் அடி நிலம் சும்மா கிடந்தால் எனக்கு உடம்பு கடிக்கும். கடைக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "முதலாளி, களை வாடாமல் நிக்கிறதுக்கு மச்சானுக்கு ஏதும் மருந்து குடுக்கிறியளோ?" அதற்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சனிக்கிழமைகளில் உன்னிடம் ஆட்கள் வந்தார்கள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பக்கத்து ஒழுங்கைத் தாய்மார் என்று பத்துப் பன்னிரண்டு பேர். புதராக மண்டிய ஒரு பற்றைக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்து, அதைச் சுற்றி ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருக்கவேண்டும். வேட்டியில் என்ன விழுகிறதோ அதைக் கீறவேண்டும். எறும்பு, கொட்டை, இறகு, குருவிப் பீ, எதுவானாலும். அந்த வேட்டியும் என்னுடையது, கேட்காமல் எடுத்தாய். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நில்லாத உன் அக்காவே இருந்து ஓர் எறும்பு கீறினாள். அதற்கு எட்டுக் கால். "ஓடுற எறும்பின்ரை காலை எண்ணேலுமே" என்று இன்றைக்கும் வாதாடுகிறாள்.

நான் மட்டும் ஒருநாளும் வரவில்லை. நீ கேட்டாய், நான் "கடை" என்றேன். எத்தனை தரம் கேட்டிருப்பாய்?

பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்து போன நீ, நடந்து வரவில்லை.

இனி எழுதப்போவதை உன் அக்கா எழுதவேண்டாம் என்றாள். எழுதத்தான் வேண்டும். ஆட்கள் வருகிறார்கள் என்றால் வளவில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது, அது எங்கள் ஆட்களின் வழக்கம். கலியாண வீடு என்றாலும் அதுதான், செத்தவீடு என்றாலும் அதுதான். உன் முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் காணிக்குள் இருத்தி உன்னைப் பற்றிக் கதைப்பதாக மைதிலி சொல்லியிருந்தாள். உன்னோடு மண் உருவம் செய்த அதே மைதிலிதான். நான் பத்து நாளுக்கு முன்பே, கடையில் இருந்ததில் திறமான களைக்கொல்லியை எடுத்து, கூலிக்கு ஆள் பிடிக்காமல் என் தோளிலேயே மருந்தடிக்கிற மெசினைக் கொழுவி, ஆறு பரப்புக்கும் அடித்தேன். உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அடித்தேன். அழுது அழுது அடித்தேன், கதிர்.

மைதிலி வந்து படலை வாசலிலேயே நின்றுவிட்டாள். காணி முழுக்கக் கருகிக் கபில நிறம்.

"ஆர் அண்ணை செய்தது?"

"நான்தான் பிள்ளை. கதிரின்ரை ஆக்கள் வருகினம் எண்டு துப்புரவாக்கினனான்."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் நாலு திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் உன் அக்காவிடம் வேட்டியை வாங்கி, கருகிய கொவ்வைப் பற்றைக்குக் கீழே விரித்தாள்.

"இருங்கோ அண்ணை. நீங்கள் ஒருநாளும் இருக்கேல்லைத்தானே."

வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு மணித்தியாலம் இருந்தேன். காய்ந்த இலை விழுந்தது. இன்னொரு காய்ந்த இலை விழுந்தது. ஒரு சீவன் விழவில்லை. எனக்குக் கீற வராது. பில் எழுதுகிற பேனையால் அந்த இரண்டு இலையையும் கீறிக் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

அடுத்த கிழமை சிவபாலன் கடைக்கு வந்தான். பக்கத்துக் காணியில் பீட்றூட் போடுகிறவன்தான்.

"அண்ணை, பத்தையும் செத்துப்போச்சு. உழவு மெசினை விட்டுப் பிரட்டிப்போட்டு ஏதும் நடுங்கோ. இல்லாட்டி முறையை விடுங்கோ. பயிர் நிக்கிற காணிக்குத்தான் தண்ணி எண்டு எங்கடை கிணத்திலை ஒரு கதை இருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு வாய்ப்பேச்சு பெரியவர்கள் காலத்தில் இருந்தே உண்டு. ஆவணி வெயிலில் கிணறும் அடி காட்டிக்கொண்டிருந்தது. வியாபாரி மூளை "ஓம் எண்டு சொல்லு" என்றது. நான் "வியாழக்கிழமை பார்ப்பம்" என்றேன்.

வியாழன் கடையைப் பூட்டிவிட்டு மண்வெட்டியோடு போனேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, என் முறையில்! எங்கள் வாய்க்காலின் வாயை மண் போட்டு அடைத்து, தண்ணீரைத் தன் பீட்றூட்டுக்குத் திருப்பி வைத்திருந்தான். இரண்டு கொத்தில் உடைத்தேன். சிவபாலன் ஓடி வந்தான்.

"என்ன அண்ணை, பத்தைக்குத் தண்ணி மாறுறியளோ?"

"ஓம். என்ரை முறை, என்ரை பத்தை."

"பயிர் எங்கை?"

"வேருக்குள்ளை கிடக்கு."

"ஊர் சிரிக்கும் அண்ணை."

"நல்லாச் சிரிக்கட்டும். மருந்துக் கடைக்காரன் பத்தைக்குத் தண்ணி மாறுறான் எண்டு நீயே போய்ச் சொல்லு. சாகடிச்சவன் நான், தண்ணி வாக்கிறதும் நான்தான்."

"மற்ற மூண்டு வீட்டையும் கூப்பிடுறன்."

"கூப்பிடு. ஒருத்தரையும் விடாதை."

வந்தார்கள். வரம்பில் வரிசையாக நின்றார்கள். சத்தம் கேட்டு உன் அக்காவும் வந்தாள். உனக்குப் பிறகு அந்தக் காணி அவளுடையதுதானே. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மற்ற மண்வெட்டியை எடுத்தாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தண்ணீர் கருகலுக்குள் இறங்கி ஓடியது. அரை மணித்தியாலத்தில் ஏழெட்டுப் புலுனிகள் எங்கிருந்தோ வந்து விழுந்து, குளித்துக் கும்மாளம் போட்டன. பங்குக்காரரில் மூத்த தவமணி மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னார்: "வியாழன் அவையின்ரை. தைக்குள்ளை ஒரு பயிரைக் காட்டட்டும். காட்டாட்டி முறை போகும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

இப்போது என்ன நிலை என்று கேட்பாய். முதலில் முளைத்தது பார்த்தீனியம், பொய் சொல்ல மாட்டேன். கையால் பிடுங்கினோம், கை எரிந்தது. பிறகு கிழங்கில் இருந்து கொவ்வை தளிர்த்தது. வேலியோரம் முசுட்டைக் கொடி ஓடத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை ஆட்களும் வருகிறார்கள், மைதிலியும் வருகிறாள், என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பது குறைவு. அது அவளுடைய உரிமை.

களைக்கொல்லி விற்பதை நான் நிறுத்தவில்லை. வாங்க வருகிறவனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். "வீட்டை ஆக்கள் வருகினமோ?" ஓம் என்றால் போத்தலைக் கொடுப்பதில்லை, மண்வெட்டியை நீட்டுகிறேன். "உங்களுக்கு விசர், முதலாளி" என்று இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். நீ இருந்தால் என்னை மன்னித்திருப்பாயா? தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவும் இல்லை.

சொல்ல வந்தது இதுதான். தை பிறக்கட்டும். மற்ற நாலு வீட்டாரையும் நானே போய்க் கூப்பிடுவேன். சிவபாலனுக்கும் ஒரு கடதாசி, ஒரு பென்சில். தவமணி மாமிக்கு இருக்க ஒரு கதிரை. எல்லோரும் ஒரு மணித்தியாலம் பற்றைக்குக் கீழே வாய் மூடி இருக்கட்டும். அதற்குப் பிறகும் பயிர் எங்கே என்று கேட்கிறவன் கேட்கட்டும். அடுத்த வியாழன் விடிய நானும் உன் அக்காவும் வாய்க்காலில் நிற்போம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் மனிசன்,
உனக்கு என்றைக்கும் அத்தான்.