நீல மீனுக்குக் கிணற்றுத் தண்ணீர்

7.4.2003
நிலக்கோட்டைப் பூவை மதுரையில் இறக்கிவிட்டு அவர் மதியம் வந்தார். வேன் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் மேசையில் வைத்தார். பைக்குள் தண்ணீர். அதற்குள் நீலமாக ஒரு மீன், கட்டைவிரல் நீளம்தான். "ஃபைட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

எனக்கு எதற்கு மீன்? ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய், தையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து 'சாப்பிடுங்க', 'வாரேன்' தவிர இந்த வீட்டில் பேச்சில்லை. அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை.

8.4.2003
இன்று ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் வந்தது.

11.4.2003
பகல் முழுக்க அதன் முன்னால்தான். ஜன்னல் வெயில் படும்போது நீலம் கத்தரிப்பூ நிறமாகிறது. வால் விரிவது, பட்டு முந்தானையை யாரோ சத்தமில்லாமல் உதறுவதுபோல. மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறது. நானும் கூடவே மூச்சு வாங்குகிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது தெரியவேயில்லை.

16.4.2003
தொட்டி மூலையில் நுரை. அழுக்கு என்று அள்ளப்போனேன்.

"தொடாத செல்வி." படுத்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார். "அது கூடு. இந்த மீன்ல அப்பன்தான் கூடு கட்டுமாம். முட்டைய வாயில கவ்வி வச்சு அதுதான் காவல் காக்குமாம். கடைக்காரர் சொன்னாரு."

இவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை நாளாயிற்று! ஆனால் முட்டை ஏது இங்கே? பெண்மீனே இல்லையே. அவரும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2.5.2003
குழாயில் தண்ணீர் வந்து வெகுநாளாயிற்று. லாரித் தண்ணீரில் பாதிக் குடத்தைத் தொட்டியில் மாற்றினேன். எதிர்வீட்டுக் கருப்பம்மாள் அக்கா பார்த்துவிட்டார். "ஏண்டி, மனுசருக்கே குடிக்கத் தண்ணியில்ல, மீனு ஒரு கேடா?"

3.5.2003
பாவி நான். லாரித் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை அம்புட்டு அடிச்சுச்சே, எனக்கு ஏன் உறைக்கல? மீன் அடியில சாஞ்சு கிடக்கு. செவுள் செக்கச்செவேல்னு. அவர் வந்ததும் கத்திட்டேன் — "இதுவும் போகப்போகுது. நீங்க பேசாம படுத்துக்கிடுங்க!"

செருப்புகூடப் போடாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே?

4.5.2003
நேற்றுப் பொழுது சாயுமுன் திரும்பிவிட்டார். அவர் வேனுக்குப் பூப் போடும் விவசாயி ஒச்சப்பனின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அப்படியே தரையில் உட்கார்ந்து தொட்டிக்குள் பார்த்து, "எந்திரி அப்பு... எந்திரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் உடைந்தது. அப்புறம் என் மடியில் முகத்தைப் புதைத்து — எழுத முடியவில்லை.

இன்று காலை மீன் தள்ளாடி மேலே வந்து காற்று வாங்கியது.

20.7.2003
பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கருவேப்பிலை கேட்டு வந்தாள். "உங்களுக்குப் பிள்ளைக எத்தனக்கா?" என்றாள். நான் கருவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தேன்.

தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "ஒரு பொம்பளப் பிள்ள. தங்கல. கீர்த்தனான்னு பேர் வச்சிருந்தோம்."

வச்சிருந்தோம் என்றார். எனக்கு அந்தப் பெயர் இன்றுதான் தெரியும்.