வடிகட்டியில் மாட்டிய டிரைவர்

ஜூன் 3, செவ்வாய்
அஸ்தம்பட்டி ஆபீஸில் இன்றும் நான் மட்டும்தான். நாமக்கல் லாரி ஆபீஸ் கந்தவேல் அண்ணனுக்குத் திங்கட்கிழமைக்குள் புது ஆப் ஓட வேண்டும். இல்லையென்றால் கோயமுத்தூர் ஆட்களிடம் போய்விடுவாராம். அவர் போனால் ஆபீஸை மூட வேண்டியதுதான்.

ஆப் எங்களிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்கிற ஏபிஐ விவரத்தை, சர்வரில் உள்ள மெத்தட்களைப் படித்து, பில்டின்போது, அதாவது ப்ரோகிராமை ஓடத் தயாராக்கும்போது, ப்ளகின் என்கிற ஒரு குட்டி ப்ரோகிராம் தானே எழுதுகிறது. முன்பெல்லாம் இங்கே கூட வேலை பார்த்த என் சிநேகிதி வினோலியாவும் நானும் அதைக் கையால் எழுதினோம். நான் வாசிப்பேன், அவள் தட்டுவாள். பாதி நேரம் சண்டை, பாதி நேரம் சிரிப்பு. அவள் கல்யாணமாகிச் சென்னை போய், பெரிய கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இந்தப் ப்ளகினோடு சண்டை போட்டு என்ன சுகம்?

ஜூன் 4
மெத்தட்கள் கேட்கும் விவரங்களில், லாகின் செய்தவர் யார் என்கிற ஆர்க்யுமென்ட்டை மட்டும் சர்வரே நிரப்பிக்கொள்ளும். ஏபிஐ விவரத்தில் அது வெளியே தெரியக் கூடாது. 'ஆள்' என்கிற டைப்பில், அந்த வகையில், வரும் ஆர்க்யுமென்ட்டையெல்லாம் வடிகட்டச் சொல்லி ப்ளகினில் ஒரு வரி சேர்த்தேன். பில்ட் பச்சை, பிழை இல்லை. எனக்கு நானே பாதாம் பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5
கந்தவேல் அண்ணன் போன். "ஏனுங்க அம்மிணி, லோடு போட்டா டிரைவர் யாருன்னு கேக்கவே மாட்டேங்குதுங்க. லாரி தானாப் போயிருமாங்க?"

ஐயோ – டிரைவரும் 'ஆள்' டைப்தானே! ஆரம்பத்தில் எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் சொந்த லாரியைத் தாங்களே ஓட்டியவர்கள். புக் செய்கிறவரே டிரைவர். "ரெண்டுக்கும் ஒரே டைப் போதும்டி" என்றாள் அன்று வினோலியா. எனக்கும் சரியாகத்தான் பட்டது. இப்போது வடிகட்டி இருவரையும் சேர்த்தே தூக்கிவிட்டது.

ஜூன் 6
அவளைக் கேட்கலாமா? பெரிய கம்பெனிக்காரி. சிரித்தால்?

ஜூன் 7
பக்ரீத். வாழ்த்து சொல்ல அவளே கூப்பிட்டாள். டிரைவர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்:

"நான் வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு நாஸியா. பாப்பா பொறந்தப்பவே. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

என்னிடமுமா? கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

போனை வைக்கும்போது, "டைப்ப வச்சு வடிகட்டாத. லாகின் ஆர்க்யுமென்ட் மேல மட்டும் ஒரு அனோட்டேஷன் குறி போட்டு, அத மட்டும் வடிகட்டச் சொல்லு" என்றாள்.

"நீயே போடு."

"எல்லாம் மறந்துபோச்சுடி."

எங்கள் ப்ரோகிராமைத் திறந்து மாற்ற அவளுக்கு அனுமதி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 8
அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானே போட்டுவிடலாம், சின்ன வேலை. நாளை திங்கள் வேறு. போடவில்லை, அவளே போடட்டும் என்று. பைத்தியமா எனக்கு?

ஜூன் 9, திங்கள்
காலையில் பில்ட் பச்சை. கந்தவேல் அண்ணன், "டிரைவர் வந்துட்டாருங்க" என்றார்.

ப்ரோகிராமைக் கடைசியாக மாற்றியவர் என்கிற இடத்தில் வினோலியா பெயர். கூடவே ஒரு மெசேஜ்: "நாளைக்கு என்ன வேலை?"