நழுவாத மூக்குக்கண்ணாடி

செகந்தராபாத்
24-4-2003

அன்புள்ள ரோகிணிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம், பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நீ காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அப்பாவின் திவசத்துக்கு லீவு போட்டு வரட்டுமா என்று போனில் கேட்டாய், எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். இது அவசரத்தில் பதில் சொல்கிற விஷயமில்லை. மறுநாளே குஷாய்குடாவிலிருந்து ராஜகோபால் சித்தப்பா வந்து, சிங்கப்பூரில் நர்ஸுகளுக்கே சார்ஸ் வருகிறதாம், மன்னி சீரியஸ் என்று ஒரு ஃபேக்ஸ் அனுப்பிப் பெண்ணை வரவழைத்துவிடலாம் என்றார். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது என்னைப் படுக்கையில் போட நீங்கள் யார் என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன்னோடு வேலை பார்க்கும் ரமா, கவுனைக் கழற்றிய கையை அலம்பாமல் கண்ணைக் கசக்கியதால்தான் நோய் தொற்றியிருக்கும் என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. நீ பேசப் பேசக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளுகிறவள். கான்வென்டில் சிஸ்டர் கண்டித்தும் நிற்கவில்லை, நான் கண்டித்தும் நிற்கவில்லை. இனி உன்னை நம்பிப் பிரயோசனமில்லை என்று அப்துல் காதர் கண்ணாடிக் கடைக்குப் போனேன், உன் பவர் அவரிடம் இருக்கிறது. புதுக் கண்ணாடிக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை வேண்டும் என்றதும், அவர் பாஷையில் கைக்கு அம்மா, எதுக்கு, பாப்பா கிரிக்கெட் ஆடுதா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன், அப்புறம் சிரிக்கவில்லை. காதில் மாட்டுகிற பக்கத்தைச் சூடாக்கித் திரும்பத் திரும்ப வளைத்துக் கொடுத்தார். நம் இருவருக்கும் ஒரே மூக்குதானே, நானே போட்டுக்கொண்டு கடை நடுவில் தலையை உதறிப் பார்த்தேன், நழுவவில்லை. நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். இத்துடன் கூரியரில் வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில், இப்போது வராதே. திவசம் சித்தப்பா கையால் நடக்கும். அந்த சார்ஸ் வார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நீ, உன் முறையை முடி. பிறகு அவர்கள் சொல்கிற வரை தனியாக இருந்துவிட்டு வா. ஆனால் மாஸ்க் குறைகிறது, பழையதையே மாட்டிக்கொள் என்று யார் சொன்னாலும் உள்ளே போகாதே. நோயாளி மூச்சுக்குத் தவித்தாலும் முதலில் மாஸ்க், பிறகுதான் கதவு. உனக்கு மனசு கேட்காது, தெரியும். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

தீர்க்காயுசாக இரு. தினமும் காலையில் காய்ச்சல் பார்த்து, இல்லையென்றால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஜலஜா வைத்தியநாதன்